ஐந்து, ஒன்பது

ஊர்காவற்றுறை இறங்குதுறையில்
நேவிப் பொடியன் என் பையைக் கிளறுகிறான்.
பற்றரி இரண்டு, தூண்டில்தடி மாதிரி மடங்கும் கம்பம்,
சுருட்டி வைத்த செப்புக் கம்பி.
அமைச்சின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்த பிறகும் கேட்டான்:
"இது என்ன?"
கதைக்கிற கம்பி.
"யாரோட?"
யார் வந்தாலும்.
யோசித்தான். கொப்பியில் சிங்களத்தில் எழுதி
எனக்கு வாசித்தும் காட்டினான்:
உடுப்புக் காயப்போடும் கொடி, இருபது மீற்றர்.

சனி விடிய ஐந்தரைக்குப் போட்டி தொடங்கும்.
கிறீனிச் கணக்கில் அது நடுச்சாமம்.
திங்கள் ஐந்தரை மட்டும் நித்திரை இல்லை.
மின்சார சபையில் மீற்றர் வாசிக்கிறவனின் லீவு
வருஷா வருஷம் இப்படித்தான் கரைகிறது.
போன முறை மண்டைதீவு.
அதற்கு முதல் நெடுந்தீவு;
அங்கே குதிரையொன்று அன்ரெனாவைக் காலில் சுற்றிக்கொண்டு
கடற்கரை வரை ஓடியது,
நான் ஜப்பானுடன் இருந்த நேரம்.
இந்த முறை எழுவைதீவு.

யோகமலர் கேட்பாள்:
"பக்கத்து வீட்டாரோட ஒரு சொல் பறையாத மனுசன்
பிரேசிலோட என்னத்தைக் கதைக்கிறியள்?"

ஒன்றும் கதைப்பதில்லை.
என் அழைப்புக்குறியைச் சொல்லுவேன்,
அவர் தன்னதைச் சொல்லுவார்,
பிறகு ஐந்து, ஒன்பது.
ஐந்து, சொல்லின் தெளிவுக்கு.
ஒன்பது, சத்தத்தின் பலத்துக்கு.
அதற்கு மேலே புள்ளி இல்லை.
நன்றி. அடுத்த ஆள்.
பத்து விநாடி.

எல்லாருக்கும் ஐந்து ஒன்பதுதான்.
இரைச்சலுக்குள் நுளம்பு மாதிரி முனகுகிறவனுக்கும்
ஐந்து ஒன்பது,
உங்கள் குறியை இன்னொருக்கால் சொல்லுங்கோ,
இன்னொருக்கால்,
இன்னொருக்கால்.
பொய்யென்று இரண்டு பேருக்கும் தெரியும்.
கொம்பியூற்றர் அந்த எண்ணைத் தானாகவே போட்டுவிடும்,
கேட்பதுகூட இல்லை.

சனி பின்னேரம் யோகமலர் போனில்:
"சாப்பிட்டியளே?"
சாப்பிட்டன்.
பிஸ்கற் பெட்டி உடைக்காமல் இருந்தது.

ஞாயிறு விடியச் சாமம் மூன்று மணி.
யேசுரட்ணத்தின் வாடித் தகரத்தில் ஐப்பசி மழை.
ஈர வலைகளுக்கு நடுவே என் மேசை.
நாற்பது மீற்றரில் ஐரோப்பா முழுக்க
ஒரே நேரத்தில் கத்துகிறது,
ஏலம் கூறுகிற எல்லாக் கூடைக்கும்
ஒன்றாய் விலை விழுந்தாற்போல.
அதற்கடியில் ஒரு பெண்குரல்.
பரோயே தீவு.
கொடுத்தேன் ஐந்து ஒன்பது.
அவள் கொஞ்சம் பொறுத்து
"மூன்று, இரண்டு" என்றாள்.

எனக்குத்தான் பிழையாய் விளங்கியிருக்கும்.
திருப்பிக் கேட்டேன்.
"மூன்று, இரண்டு.
உங்களைச் சரியாகக் கேட்கவில்லை.
ஆனால் இருக்கிறீர்கள்."

பின்னால் நூறு பேர் நெரிகிறார்கள்.
நான் மைக்கைப் பிடித்தபடி சும்மா இருந்தேன்.

தொண்ணூற்றைந்திலும் இதே ஐப்பசி, இதே மழை.
சாவகச்சேரிப் பள்ளிக்கூட விறாந்தையில் குந்தி
செஞ்சிலுவைத் தாளில் அண்ணனுக்கு எழுதினேன்.
குடும்பச் செய்தி மட்டும்,
கொஞ்ச வரி மட்டும் என்றிருந்தார்கள்.
எல்லாரும் சுகம்.
அன்றைக்கு ஐயாவுக்குக் காய்ச்சல் ஏழாம் நாள்.
பேர்கனில் இருந்து பதில் வர மாதம் மூன்று ஆனது.
நானும் சுகம்.
அந்த மாரியில் அவனுக்குப் படுக்க இடமில்லை என்று
பதினொரு வருஷம் கழித்து
அண்ணிதான் வாய்தவறிச் சொன்னாள்.

திரையில் ஐந்தை அழித்தேன்.
ஒன்பதை அழித்தேன்.
மூன்று.
இரண்டு.
போட்டிக் கணக்கில் அது ஒரு நிமிஷ நட்டம்,
ஐந்தாறு நாடுகள் பறந்திருக்கும்.

திங்கள் காலை, அதே இறங்குதுறை.
நேவிப் பொடியன் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு
கம்பியை முழம் போட்டு அளந்தான்.
இருபது மீற்றர், சரி.
"எத்தனை பேர் வந்தது?"
ஆயிரத்து நூற்றுப் பதினான்கு.
"என்ன சொன்னது?"
நான் நல்லாய்க் கேட்கிறேனாம்.

தலையாட்டிக் கையெழுத்து வாங்கினான்.
மோட்டார்சைக்கிளை உதைத்தவன்
திரும்ப நிறுத்திவிட்டுச் சொன்னேன்:
ஒருத்தியைத் தவிர.